பெரிய கண்ணிக் கேமரா

எங்கள் ஊர் சிலுவைத்துறை. அங்கே கடலுக்குள் இறங்கிப் படம் பிடித்தால் மீனும் சேர்ந்து பிடிபடும் என்பது முதலில் தெரியவந்தது தவக்காலத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணிக்கு. சென்னையிலிருந்து என் படகில் ஸ்கூபா இறங்க வந்திருந்த கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் ஒருவர், கொட்டான் பார் என்று நாங்கள் சொல்கிற கடலடிப் பாறைத் திட்டில் ஒரு கிளிமீனைப் படம் எடுத்துவிட்டு மேலே ஏறி வரும்போது, மணிக்கட்டில் கட்டியிருந்த கேமரா அவரைக் கீழே இழுத்தது. கூட இறங்கியிருந்த என் கொழுந்தன் கஸ்பார் அவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் படகில் சேர்த்தான். கேமராவை நான் வாங்கிப் பார்த்தேன். இறங்கும்போது ஒரு மாதுளம்பழக் கனம் இருந்தது, இப்போது மூன்று கிலோவுக்குக் குறையாது. திரையில் கிளிமீன் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"வீடியோ எடுத்துட்டேன் போல," என்றார் அவர்.

"இல்ல சார், போட்டோதான் அமுக்குனீங்க. நான் பக்கத்துலதான் நின்னேன்," என்றான் கஸ்பார்.

"அப்புறம் ஏன் அசையுது?"

"உயிரோட இருக்குல்லா. அசையத்தான் செய்யும்."

அவர் அதைப் படகில் வைத்தே போன் வழியாகத் தன் மனைவிக்கு அனுப்பிப் பார்த்தார், பாரம் அதிகம் என்று சொல்லிப் போன் மறுத்துவிட்டது. மூன்றாம் நாள் சென்னையிலிருந்து என்னைக் கூப்பிட்டு, கேமரா நாறுகிறது, அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவைத் தட்டுகிறார்கள், இதற்கு என்ன பதில் என்று கேட்டார். ஐஸ் போடாத மீன் மூன்றாம் நாள் நாறும் என்றேன். இது போட்டோ என்றார். போட்டோவுக்கும் ஐஸ் போட்டிருக்க வேண்டும் என்றேன். பணத்தைத் திருப்பித் தரச் சொன்னார். மூன்று நாள் வீட்டில் வைத்திருந்த மீனை எந்த ஊரில் எந்தக் கடையில் திருப்பி வாங்குகிறார்கள், அந்த விலாசத்தைச் சொல்லுங்கள், நானும் போக வேண்டும் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

அதற்குப் பிறகு இறங்கினவர்கள் எல்லாருக்கும் அப்படியே ஆயிற்று, ஊரும் அதற்கேற்றபடி நடந்துகொண்டது. கேமராவை வைக்க ஏலக்கூடத்துத் தராசில் ஒரு சாக்கு விரித்தார்கள். தண்ணீரில் இறங்கும் முன் ஒரு எடை, ஏறின பின் ஒரு எடை, இரண்டுக்கும் நடுவில் உள்ளது மீன். படகு மூக்கு மணலைத் தொட்டுவிட்டால் அதில் இருப்பது ஊர் மீன், ஏலத்துக்குப் போக வேண்டும் என்பது எங்கள் கரையின் பழைய கட்டு, அது வலைக்கும் தூண்டிலுக்கும் இருக்கும்போது கேமராவுக்கு மட்டும் ஏன் இல்லாமல் போகும். பங்குச்சாமியார் பிரசங்கத்தில் ஒன்றும் சொல்லவில்லை, கோயில் பங்கு படத்துக்கும் உண்டா என்று மட்டும் கேட்டு அனுப்பினார், உண்டு என்று சொல்லி அனுப்பினார்கள். கரையில் வைத்துப் படத்தை அழித்தால் மீன் அழிந்தே போனது, கடலுக்குத் திரும்பவில்லை, ஆகவே யாரும் அழிக்கக் கூடாது என்று பலகை வைத்தார்கள். மனிதர்களைப் படம் எடுத்தால் மனிதர்கள் பிடிபடவில்லை. ஏன் என்று மீனவர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் கேட்டார், நமக்குத்தான் செதில் இல்லையே என்று இன்னொருவர் சொன்னார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வந்தவர்களுக்குத்தான் கொஞ்ச நாள் புரியவில்லை.

"என் கேமரா. நான் எடுத்த படம். அதை நானே ஏலத்துல எடுக்கணுமா?" என்றார் பெங்களூர்க்காரர் ஒருவர்.

"கேமரா உங்களது சார், யாரு இல்லேன்னா. மீனு எங்களது," என்றேன். பதினோரு வயதில் ஏலக்கூடத்தில் நின்று பிறர் மீனுக்கு விலை கூவத் தொடங்கினவள் நான், ஸ்கூபாவுக்குப் படகும் காற்று சிலிண்டரும் சொந்தமாக வைத்துக்கொண்ட பிறகும் அந்தக் கூடத்தை விடவில்லை. அவர் படத்தை நானே கூவினேன். போட்டிக்கு விலை கேட்க அங்கே யாரும் இல்லை, இருந்தாலும் அவர் பதற்றத்தில் தன் விலைக்கு மேலே தானே இரண்டு தரம் ஏற்றினார்.

இப்படிச் செய்தால் ஆட்கள் வரமாட்டார்கள் என்று நான் பயந்தேன், ஆனால் இரண்டு மடங்காக வந்தார்கள், ஏனென்றால் மூச்சு விடுகிற படம் வேறு எந்தக் கடலிலும் கிடைக்கவில்லை, ஐஸ் பெட்டியில் வைத்துப் பத்திரமாகக் கொண்டு போனால் ஊரில் நான்கு பேரைக் கூப்பிட்டு இரண்டு நாள் காட்டலாம். பெரிய பெரிய கேமராக்கள் வந்தன, நண்டுக்கை மாதிரி இரண்டு பக்கமும் விளக்குப் பொருத்தினவை, ஒரு அமுக்கில் ஒரு கூட்டத்தையே அள்ளுகிறவை. ஒரு மாதத்தில் கொட்டான் பாரில் கிளிமீன் இல்லை, வரிமீன் இல்லை, பவளத்தின் இடுக்கில் நெற்றிப்பொட்டு அளவில் திரிகிற நீலக் குஞ்சுகள்கூட இல்லை. கஸ்பார் மேலே வந்து, கடலுக்குள் போடுகிற கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மைனி, கல்யாணம் முடிஞ்ச மண்டபம் மாதிரி கெடக்கு," என்றான்.

மிச்சம் இருந்தது மேனேஜர்தான்.

மேனேஜர் என்பது எழுபது கிலோ களவா மீன். பாரின் கிழக்கு மூலையில் ஆறு பாக ஆழத்தில் ஒரு குகை, அதற்குள் வாயைப் பாதி திறந்தபடி உட்கார்ந்திருக்கும், யார் போய் நின்றாலும் சரி என்றும் சொல்லாது முடியாது என்றும் சொல்லாது, சிலிண்டர் வாங்கக் கடன் கேட்டு நான் அலைந்த காலத்தில் பாங்கில் ஒருவர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார், அதனால் அந்தப் பேர். என் படகில் ஏறுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அவரைப் பார்க்கத்தான் ஏறினார்கள். வெறும் பாறையைப் பார்க்க இவ்வளவு தூரம் யாரும் வரமாட்டார்கள். மேனேஜர் யாருடைய கேமராவிலாவது ஏறி ஐஸ் பெட்டியில் போய்விட்டால் என் படகு, கஸ்பாருடைய வேலை, என்ஜின் ஓட்டுகிற தொம்மையின் வேலை எல்லாம் கூடவே போயிற்று. இது எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். எந்த விருந்தாளி குகைப் பக்கம் கேமராவைத் தூக்கினாலும் கஸ்பார் குறுக்கே போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். தமிழ்நாட்டில் பாதிப் பேர் வீட்டில் அவன் முதுகு இருக்கிறது.

மீன்பிடித் தடைக்காலம் வந்தது. விசைப்படகுகளோடு சேர்த்துக் கேமராக்களும் இறங்கக் கூடாது என்று சங்கம் சொன்னது. அந்த ஓய்வில் கூட்டம் போட்டார்கள். தலைவர் பொனிப்பாஸ் அண்ணன் எழுந்து, "வலைக்குக் கண்ணி அளவு வச்சிருக்கோம். விரல் நுழையாத கண்ணி போட்டா அறுத்து எறியுதோம். கேமராவுக்கு என்ன அளவு?" என்று கேட்டார்.

"கேமராவுக்கு ஏது கண்ணி?" என்றேன்.

திருமணப் படம் எடுக்கிற ஸ்டூடியோ இன்னாசி கடைசி வரிசையில் இருந்தான். "உண்டு அக்கா," என்றான். "படம்னா சின்னச் சின்னக் கட்டம். கட்டம் எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வொரு கட்டமும் பொடிசாயிரும். அதைத்தான் பிக்சல்ங்கது."

"அப்ப வலைதான்," என்றார் பொனிப்பாஸ் அண்ணன்.

"வலைதான்."

கூட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அப்போதுதான் விஷயம் விளங்கியது, மூன்று மாதமாக ஊருக்குள் நடந்த எதுவும் அதற்கு மேல் யாருக்கும் அதிசயமாகத் தெரியவில்லை. இருபது, நாற்பது மெகாபிக்சல் என்று இவர்கள் கொண்டுவருவது கொசுவலையை விடப் பொடிக் கண்ணி, அதனால்தான் குஞ்சு குளுவான் எல்லாம் ஏறுகிறது. வெளியூர்க் கேமரா எதுவும் இனிமேல் பாரில் இறங்கக் கூடாது, இறங்குகிற கேமரா ஊர்க் கேமராவாக இருக்க வேண்டும், எட்டு மெகாபிக்சலுக்கு மேலே இருக்கக் கூடாது, அதை ஸ்கூபாப் படகு வைத்திருக்கிற பிரகாசி, அதாவது நான், வாங்கி வாடகைக்கு விட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். எட்டு என்ன எட்டு, நான் ஐந்திலேயே வாங்கி வருகிறேன், மேனேஜரின் மீசை மயிர்கூட அதில் நிற்காது என்று சொல்லிவிட்டு ரயில் ஏறினேன்.

சென்னைப் பாரிமுனைப் பக்கம் ஒரு சந்துக்குள் ஜமாலுதீன் பாய் கடை. அலமாரி நிறையக் கேமரா.

"எவ்ளோ ஆழம் போவீங்கம்மா?"

"ஆறு பாகம்."

"பாகம்னா?"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். "இப்படி ஆறு."

அவர் என் கையை உத்தேசமாக அளந்தார். "பதினோரு மீட்டர் வருது. பாஞ்சு மீட்டர் தாங்குறதா எடுத்துக்குங்க, சரியா பதினொண்ணுன்னு போட்டிருக்கறதை எடுத்தா பத்துலயே தண்ணி குடிக்கும்." வரிசையாக எடுத்து வைத்தார். போனை உள்ளே போட்டு மூடுகிற பை ஒன்று, அது வேண்டாம், கழுத்துத் தண்ணிக்கு மேலே நம்பக் கூடாது என்று அவரே தள்ளி வைத்தார். தீப்பெட்டி அளவில் நெற்றியில் மாட்டுகிற கேமரா. தனியாக ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் போகிற கேமரா, கூடு கேமராவை விட விலை அதிகம். "ஆழம் போகப் போக நிறம் போயிரும், அதுக்கு லைட் போட்டுக்கணும். லைட் தனி."

"நிறம் போனா போவட்டும். லைட் வேண்டாம். இதுல கண்ணி எவ்வளவு?"

"என்னாது?"

"மெகாபிக்சல்."

"இருவது."

"கம்மியா காட்டுங்க."

"இது பதினாறு."

"இன்னும் கம்மியா."

பாய் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "முப்பது வருஷமா கடை வச்சிருக்கேன். எல்லாரும் பிக்சல் ஜாஸ்தி குடுன்னு சண்டை போடுவாங்க. நீங்க கம்மி குடுன்னு சண்டை போடுறீங்க."

"சண்டை இன்னும் ஆரம்பிக்கலை. விலை சொல்லுங்க, அப்புறம் பார்ப்போம்."

ஏணி போட்டு ஏறி மேல்தட்டிலிருந்து வெளுத்துப்போன அட்டைப் பெட்டிகளை இறக்கினார். மஞ்சள் நிறக் கேமரா, சோப்புக்கட்டிப் பருமன், ஐந்து மெகாபிக்சல், பதினைந்து மீட்டர். ஆறு இருந்தது. ஒன்று நாலாயிரம், இப்போது இது கிடைக்காத சாமான் என்றார். கிடைக்காத சாமான் இல்லை, கேட்காத சாமான் என்றேன், பத்து வருஷமாக உங்கள் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, தூக்கிக்கொண்டு போவதற்கு நீங்கள்தான் எனக்குக் கூலி தர வேண்டும். மூன்று தரம் கடையை விட்டு இறங்கினேன். இரண்டு தரம் அவர் கூப்பிட்டார், மூன்றாம் தரம் நானே திரும்பிப் போனேன். ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்குப் படிந்தது, நான்கு எடுத்தேன், மணிக்கட்டுக் கயிறு நான்கும் இனாம்.

கட்டிக் கொடுக்கும்போது பாய் சொன்னார், "அப்பால வந்து கேக்கக் கூடாது. இதுல பொடி விவரம் எதுவும் நிக்காது, பெரிய உருவம்தான் நிக்கும்."

"நிக்காததுதான் வேணும்," என்றேன். பாதிதான் காதில் விழுந்தது, அந்தப் பாதிக்குப் பதில் சொல்லிவிட்டு வந்தேன்.

தடைக்காலம் முடிந்தது, மஞ்சள் கேமராக்கள் இறங்கின. பொடி மீன் ஒன்றுகூட ஏறவில்லை. படத்தில் கடல் இருந்தது, பாறை இருந்தது, மீன் இருந்த இடத்தில் ஒரு கலக்கம் மட்டும் இருந்தது. வாடகைக்கு எடுத்தவர்கள் முணுமுணுத்தார்கள், நான் முணுமுணுத்தவர்களைப் பார்த்தேன், பிறகு முணுமுணுக்கவில்லை. ஆடி மாதத்துக்குள் நீலக் குஞ்சுகள் எங்கிருந்தோ திரும்பி வந்தன. வரிமீன் வந்தது. சங்கத்தில் எனக்குச் சால்வை போட்டார்கள். நான் கஸ்பாரைக் கூப்பிட்டு, "இனிமே மேனேஜருக்கு முன்னால போயி நிக்காத. வந்தவங்க ஆசையா ஒரு படம் எடுத்துக்கட்டும். இந்தக் கண்ணியில எல்லாம் வழிஞ்சு ஓடிரும்," என்றேன். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான்.

பாளையங்கோட்டையிலிருந்து கோமதிநாயகம் என்று ஒருவர் வந்துகொண்டிருந்தார். மின்வாரியத்தில் வீடு வீடாக மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர், அறுபது வயது, சுத்த சைவம், முட்டை போட்ட பிஸ்கட்டைக்கூடக் கையால் தொடமாட்டார். நாற்பது வருஷம் தெரு வெயில் தின்றாயிற்று, இனிமேல் தெரிந்தவன் எதிரே வராத ஒரு இடத்துக்குப் போக வேண்டும் என்று ஸ்கூபா படித்தாராம். கேமரா வாடகையில் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லி என்னிடம் கால்மணி நேரம் பேசிக் குறைத்தவர் அவர் ஒருவர்தான், அதனால் அவர்மேல் எனக்கு மரியாதை இருந்தது. நான்கு தரம் இறங்கியும் அவர் கேமராவில் ஒரு உருப்படியும் விழவில்லை.

ஐந்தாம் தரம் இறங்கின அன்று முதலில் கஸ்பார் தலை தெரிந்தது. படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, கயிறு கொண்டா என்று தொம்மைக்குக் கையைக் காட்டினான். கயிறு இறங்கியது. தொம்மையும் நானும் இழுத்தோம், ஒரு நங்கூரத்தை இழுக்கிற மாதிரி இழுத்தோம், படகு வலப்பக்கம் சாய்ந்தது, நுனியில் சோப்புக்கட்டிப் பருமனில் மஞ்சள் கேமரா வந்தது. அதைப் பலகையில் வைத்தபோது பலகை முனகியது. பின்னாலேயே கோமதிநாயகம் அண்ணாச்சி ஏறி வந்தார், சிரித்துக்கொண்டு.

திரை முழுக்க ஒரு முகம். வாய் திறந்தது, மூடியது.

"பொடிசு ஒண்ணும் நிக்கலை மைனி," என்றான் கஸ்பார். "அம்புட்டும் வழிஞ்சு ஓடிட்டு. பெரிய கண்ணியில பெருசுதான நிக்கும்."

வலை விற்கிற கடையில் போய்ப் பெரிய கண்ணி கேட்டால், என்ன, களவாவுக்கா என்றுதான் கேட்பான். பதினோரு வயதில் எனக்குத் தெரிந்திருந்த விஷயம் இது. சங்கத்தில் உட்கார்ந்திருந்த நாற்பது பேருக்கும் தெரிந்த விஷயம். குஞ்சு தப்ப வேண்டும் என்ற ஒன்றையே எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தோம். கஸ்பாரை ஏசினேன், அன்றைக்கே சொல்லித் தொலைத்திருக்க வேண்டியதுதானே என்றேன், தொம்மையை ஏசினேன், என்ஜினை ஒரு உதை விட்டேன், கால் பெருவிரல் வீங்கியது. அப்புறம் பலகையில் உட்கார்ந்து அண்ணாச்சியிடம் பேச்சை ஆரம்பித்தேன். படகு இன்னும் நடுக்கடலில் நின்றது. மூக்கு மணலைத் தொடவில்லை. தொடாதவரைக்கும் பிடித்தவருடைய மீன், அவர் விட்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

"அண்ணாச்சி, இவரை விட்டுருவோம். பத்துத் தரம் சும்மா இறங்கிக்கிடுங்க."

"அஞ்சு தரம் இறங்கி இப்பதான் ஒண்ணு விழுந்திருக்கு தங்கச்சி. பத்துத் தரம் இறங்குனா ரெண்டு விழும்னு சொல்லுதியளா?"

"எழுபது கிலோ களவா. சைவக்காரரு வீட்டுக்குள்ள கொண்டு போவியளா?"

"படத்துல ஏதும்மா சைவம் அசைவம்."

"மூணாம் நாளு தெரியும். வீட்டம்மா வெளக்குமாத்த எடுப்பாவ."

"அவ காசிக்குப் போயிருக்கா. பன்னெண்டு நாளு ஆவும்."

தொம்மை திரும்பிக் கடலைப் பார்த்தான், சிரிப்பில் தோள் குலுங்கியது. கரைக்குப் போனால் ஏலத்தில் விலை ஏற்றி விடுவேன் என்றேன், ஏற்றுங்கள், பணிக்கொடை சும்மாதான் கிடக்கிறது என்றார். இந்த மீன் போனால் இந்தப் படகில் மூன்று பேருக்கும் பிழைப்பு இல்லை என்று கடைசியில் உள்ளதை உள்ளபடி சொன்னேன், ஏலக்கூடத்தில் நான் அப்படிச் சொன்னதே கிடையாது. அவர் குனிந்து கேமராத் திரையைப் பார்த்தார். உள்ளேயிருந்து மேனேஜர் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

"ஒண்ணு கேக்கட்டா?" என்றார் அண்ணாச்சி. "காலையில படகுல வச்சு எல்லாருக்கும் சொன்னிய, மேனேஜரு செக்கச் செவேல்னு இருப்பாருன்னு. கீழ அவரு காப்பிப்பொடி நிறத்துல இருக்காரு. நீங்க பார்த்ததே இல்லையோ?"

கஸ்பார் சிலிண்டர் வால்வைத் துடைக்க ஆரம்பித்தான். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"இல்ல," என்றேன்.

"எத்தனை வருஷமா?"

"ஆறு வருஷமா விக்கேன். இறங்குனதில்ல. தண்ணிக்கு மேல வந்த மீனுக்குத்தான் எனக்கு விலை தெரியும்."

"அப்ப நீங்களே கொண்டு போயி விட்டுட்டு வாங்க. நீங்க இறங்குனா தாரேன். இல்லாட்டிப் படகைக் கரைக்கு விடுங்க."

"கஸ்பார் கொண்டு போவட்டும். நான் ஏணியில நின்னு தலைய முக்கிப் பார்க்கேன்."

"முடியாது."

"பாதி ஆழம்."

"ஒரே விலை தங்கச்சி."

எப்படி விடுவது என்பதில் கஸ்பாருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. குகை வாசலில் வைத்துப் பேட்டரி மூடியைத் திறந்தால் தண்ணீர் உள்ளே போகும், தண்ணீர் போனால் அவர் வெளியே வந்துதானே ஆக வேண்டும், அந்தச் சோப்புக்கட்டிக்குள் இரண்டு பேருக்கும் இடம் எங்கே இருக்கிறது என்றான். கேமரா அதோடு முடிந்தது, அதைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. சேலையை அவிழ்த்துவிட்டு அவனுடைய பழைய ரப்பர் உடுப்பைப் போட்டேன், முதுகில் சிலிண்டரை ஏற்றினார்கள். இடுப்பில் கட்டுகிற ஈயத்தை எடுத்தவன் கீழே வைத்தான். "உங்களுக்கு ஈயம் வேண்டாம் மைனி. மேனேஜரே போதும்."

அவரைக் கையில் கொடுத்தார்கள், நான் போனேன்.

கடலுக்குள் சத்தமே இருக்காது என்று இவ்வளவு நாளும் படகில் வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன், அதுவும் பொய், என் மூச்சு ஏலக்கூடத்து விசிறி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது, காதுக்குள் யாரோ ஆணி அடித்தார்கள், கஸ்பார் தன் மூக்கைப் பிடித்துக் காட்டினான், நானும் பிடித்து ஊதினேன், ஆணி கழன்றது. சரியாக இருக்கிறதா என்று கையால் கேட்டான். சரியாக இருக்கிறது என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். உடனே அவன் என்னை மேலே இழுத்துக்கொண்டு போக ஆரம்பித்தான், கடலுக்குள் கட்டைவிரலைத் தூக்கினால் மேலே போகலாம் என்று அர்த்தமாம், அது எனக்கு எப்படித் தெரியும், அவன் கையில் ஒரு அடி வைத்தேன், தண்ணீருக்குள் அடி மெதுவாகப் போய் விழுந்தது, ஆனாலும் அவனுக்குப் புரிந்தது. மறுபடி இறங்கினோம். நீலக் குஞ்சுகள் கண்ணாடிக்கு முன்னால் வந்து பார்த்துவிட்டுப் போயின. மேலே நின்று ஆறு வருஷம் நான் விற்றது எவ்வளவோ கம்மி விலை என்று தோன்றியது.

குகை வாசலில் மண்டியிட்டோம். கஸ்பார் நகத்தால் மூடியை நெம்பினான். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு நான்கு குமிழி வந்தது. அதன் பின்னால் உள்ளங்கை அளவில் ஒரு காப்பிப்பொடிச் சதுரம் வந்தது, அதன் பின்னால் இன்னொன்று, தளத்தில் கல் பதிக்கிறவன் அடுக்குகிற மாதிரி ஒன்றின் ஓரத்தில் ஒன்றாகச் சதுரங்கள் வந்து சேர்ந்தன, வால் சேர்ந்தது, வயிறு சேர்ந்தது, கடைசியில் வாய் வந்து பாதி திறந்தபடி நின்றது. கையில் கேமரா ஒரு சோப்புக்கட்டிக் கனமாகிவிட்டது, பிடிமானம் போய் நான் மேலே மிதக்கத் தொடங்கினேன், கஸ்பார் என் காலைப் பிடித்துக்கொண்டான். மேனேஜர் பின்னாலேயே நகர்ந்து குகைக்குள் போய் உட்கார்ந்தார். ஓரங்கள் சரியாக இல்லை. எங்கே மீன் முடிகிறது எங்கே தண்ணீர் தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. கண்ணாடியில்தான் ஏதோ என்று நான் விரலால் துடைத்தேன். கஸ்பாரும் துடைத்தான்.

ஐந்து மெகாபிக்சலில் போனவர் ஐந்து மெகாபிக்சலில்தான் திரும்புவார் என்று கரையில் இன்னாசி விளக்கினான்.

அதற்குப் பிறகு அவர் யாருக்கும் பிடிபடவில்லை. கோயம்புத்தூரிலிருந்து மில் முதலாளி ஒருவர் கோயில் கோபுரத்துக்கு வெள்ளையடித்துக் கொடுத்துச் சங்கத்தில் விசேஷ அனுமதி வாங்கிக்கொண்டு, இரண்டு விளக்கு வைத்த நாற்பது மெகாபிக்சல் கேமராவோடு வந்து இறங்கினார். குகைக்கு முன்னால் மண்டியிட்டு அறுபது தரம் அமுக்கினார். படகில் நான் விரல் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். மேலே வந்ததும் முதல் வேலையாகக் கேமராவை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தேன், ஒரு கிராம் ஏறவில்லை. அறுபது படத்திலும் குகை இருந்தது, குகைக்குள் ஒரு மங்கல் இருந்தது. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்துத் தெரியுமா என்றான் இன்னாசி. முதலாளி என்னோடு சண்டைக்கு வந்தார், நானும் போனேன், ஒரு மணி நேரம் நடந்தது, பொனிப்பாஸ் அண்ணன் வந்து வெள்ளையடித்த காசை எண்ணித் திருப்பிக் கொடுத்து அனுப்பினார்.

பிடிக்க முடியாது என்று தெரிந்த பிறகு ஆட்கள் இன்னும் கூடினார்கள், கண்ணால் பார்த்துவிட்டாவது போகலாம் என்று. ஜமாலுதீன் பாயிடம் மீதி இருந்த இரண்டையும் போய் எடுத்து வந்தேன், பொடி மீனுக்கு அதுதான் நல்லது. கோமதிநாயகம் அண்ணாச்சி மாதம் ஒரு தரம் வருகிறார், இப்போது கேமரா எடுப்பதில்லை, அந்த வாடகையையும் கழித்துக்கொண்டுதான் பணம் தருகிறார். ஒரே ஒரு தொந்தரவுதான். மேனேஜருக்கு முன்னால் போய் நிற்கிறவர்கள் எல்லாரும் கண்ணாடியைத் துடைக்கிறார்கள், தண்ணீர் விட்டுக் கழுவுகிறார்கள், மறுபடி துடைக்கிறார்கள், அதிலேயே பாதிக் காற்று தீர்ந்துவிடுகிறது, மேலே வந்து வாடகைக் கண்ணாடி சரியில்லை என்று என்னோடு மல்லுக்கு நிற்கிறார்கள். தினமும் தொண்டை கட்டியது. கடைசியில் படகின் மூக்கில், ஏறும்போதே கண்ணில் படுகிற மாதிரி, சிவப்புப் பெயின்டில் எழுதி வைத்துவிட்டேன்:

கண்ணாடியில் கோளாறு இல்லை. அவர் அப்படித்தான் இருக்கிறார்.